ரெண்டு நடை போய் வந்த கோடு

தரை இத்தனை வழவழப்பாக இருக்குமா என்ற சந்தேகம் கோகிலவாணிக்கு வந்தது தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் உள்ளே இறங்கிய பிறகு. அதனால் அதைச் சந்தேகம் என்றே அவள் எடுத்துக்கொள்ளவில்லை, தூக்கம் என்று எடுத்துக்கொண்டாள். மணி இரண்டாகப் பத்து நிமிஷம். கீழே லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் யாரோ இரும்பின்மேல் இரும்பைப் போட்டார்கள், மேல்மாடியில் பதினெட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு தரம் அதிர்ந்து அடங்கின, அவள் கண்ணெதிரே தெற்குத் துருவமும் லேசாக ஆடி நின்றது. துருவம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஸ்கிரீன் அகலத்துக்கு ஒரு சாம்பல் படம். எந்த நாட்டு ஆட்களோ ஒரு விமானத்தின் வயிற்றில் ரேடாரைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டி மேல் நேராகப் பறக்கிறார்கள். ரேடார் கீழே அலையை விடுகிறது. அலை பனியின் மேல்பரப்பில் கொஞ்சம் பட்டுத் திரும்புகிறது, மிச்சம் உள்ளே புகுந்து அடுக்கடுக்காகப் பட்டுத் திரும்புகிறது, கடைசியில் அடிப்பாறையில் மோதித் திரும்புகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இந்தப் படம். படத்தின் மேல் விளிம்புதான் விமானம். அதற்குக் கீழே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு, அது பனியின் மேல்பரப்பு, இங்கே எல்லோருக்கும் அது மேல்கோடு. அதற்கும் கீழே சேலை மடிப்பு மாதிரி மெல்லிசான அடுக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் பாறை, அது தரைக்கோடு. மேல்கோட்டையும் தரைக்கோட்டையும் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்துகொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. அடிவரைக்கும் அடுக்குக் குலையாமல் பனி கனமாக இருக்கிற இடம் எது என்று இந்தக் கோடுகளை வைத்துத்தான் பார்ப்பார்களாம், அங்கே கூடாரம் அடித்துத் துளைப்பார்களாம், அடியில் பதினைந்து லட்சம் வருஷத்துப் பனி கிடைத்தால் அதற்குள் குமிழ் குமிழாக அந்தக் காலத்துக் காற்று அப்படியே இருக்குமாம். காற்றைப் போய் இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறதே, போன மாசம் வாங்கின பெருங்காயத்தின் வாசனையை நம்மால் ஒரு டப்பாவில் காப்பாற்ற முடியவில்லையே என்று நினைத்து அவளுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. காலையில் தலை சீவும்போது மகள் தன்ஷிகா, மூன்றரை வயசு, சீப்பைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டாள், “அந்த ஐசுக்கு அடியில யாரும்மா இருக்கா?” யாரும் இல்லை சாமி, கல்லுதான் இருக்கு. “கல்லு என்ன பண்ணுது?” என்ன பண்ணும், படுத்திருக்கும். “வழவழன்னு இருக்குமா, குத்துமா?” அந்தக் கேள்வியை அப்போது அவள் ஜடையோடு சேர்த்து முடிந்துவிட்டாள். இப்போது அது அவிழ்ந்துகொண்டு வருகிறது.

வழவழன்னுதான் இருக்கு கண்ணு, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. இந்த வாரப் படங்கள் எல்லாமே அப்படி. போன வாரம் வரைக்கும் தரைக்கோடு என்றால் உயிரை வாங்கும், பல் விழுந்த சீப்பு மாதிரி ஏறும் இறங்கும், பாதி இடத்தில் காணாமலே போகும், ஒரு படத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கும். இந்தத் திங்கட்கிழமை புதுப் பேட்ச், அதாவது புதுக் கட்டுப் படங்கள், வந்ததிலிருந்து தரை ஒரே சீராக ஓடுகிறது, தையல் மெஷினில் ஓரம் அடிக்கிற மாதிரி சரசரவென்று போய்விடலாம், நேற்றைக்கு ரெஜினா ஒருத்தியே நாற்பத்தைந்து படம் முடித்தாள். பக்கத்து நாற்காலி ரெஜினாவுக்கு ஏசி நேராகத் தலையில் ஊதும், காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள், அதனால் அவள் பேசுவது எப்போதும் ஒரு பங்கு சத்தம் தூக்கலாகவே இருக்கும். “ஏன்டி, ஒரே படத்தையே மொறச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்க? அது என்ன உன்ற நாத்தனாரா?” என்றாள். “தரை இவ்வளவு சீரா இருக்குமாடி?” என்றாள் கோகிலவாணி. “சீரா இருந்தா சந்தோசப்படு. போன வாரம் சீரா இல்லைன்னு அழுத. இப்ப சீரா இருக்குன்னு அழுவற.” அதுவும் சரிதான். போன வாரம் சில படங்களில் தரை கண்ணுக்கே தெரியாததால் ‘தெரியவில்லை’ என்ற பட்டனை அமுக்கினாள். பட்டன் இருக்கிறதே என்று அமுக்கினால், அமுக்கின ஒவ்வொரு தரத்துக்கும் மார்க் குறைகிறது. தெரியவில்லை என்று சொல்ல ஒரு இடம் வைத்துவிட்டு, சொன்னால் தலையில் குட்டுகிற அந்தப் பட்டனை வடிவமைத்த மகராசனை ஒரு நாள் பார்க்க வேண்டும். இப்போது அவளுக்குத் தொண்ணூற்றொன்று. தொண்ணூறுக்குக் கீழே போனால் பனியிலிருந்து தூக்கிச் செருப்பில் போட்டுவிடுவார்கள், அது ஆன்லைன் கடைக்காரர்களின் செருப்புப் படங்களுக்குப் பேர் வைக்கிற வேலை, மதியம் இரண்டுக்குத் தொடங்கி இரவு பத்து வரைக்கும். அப்படியானால் நாலரைக்குப் பால்வாடி வாசலில் கைப்பையோடு நிற்கிற தன்ஷிகாவை அத்தைதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், தூங்கவைக்க வேண்டும். அவள் வீட்டுக்குள் நுழையும்போது குழந்தை தூங்கியிருக்கும், காலையில் தலை சீவுகிற பத்து நிமிஷம்தான் மிஞ்சும். பத்து நிமிஷத்தில் எத்தனை கேள்விதான் கேட்க முடியும் அந்தப் பிள்ளையால்?

சரி, வரைவோம். அவள் அடுத்த படத்தைத் திறந்தாள், மேல்கோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். பாதி வழியில் மேல்கோடு மெதுவாகக் கீழே சரிந்தது. இதெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான், மேல்கோடு இறங்கினால் பனி இறங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது, விமானம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம், பனி அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கிறது. படத்தில் விமானத்தை மேல் விளிம்போடு கட்டிப்போட்டிருப்பதால் அது ஏற ஏற மற்றதெல்லாம் விலகிப்போகிற மாதிரி தெரியும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் புளியமரம் ஓடுகிற மாதிரி. மேல்கோடு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவள் தரைக்கோட்டுக்கு வந்தாள். தரையும் அதே இடத்தில் இறங்கியிருந்தது, இறங்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. கை மவுஸிலேயே நின்றுவிட்டது. தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் மொட்டைமாடிக்கு ஏறினால் வாசல் பத்தடி தள்ளிப் போகும், கிணற்றுத் தண்ணீரும் அதே பத்தடிதான் தள்ளிப் போகும். நான் பத்தடி ஏறினதற்குக் கிணறு மட்டும் எதற்கு இருபதடி இறங்க வேண்டும்? கிணற்றுக்கு என்மேல் என்ன கோபம்? அவள் தொடங்கின படத்தை அப்படியே விட்டுவிட்டு முந்தின படத்துக்குப் போனாள், அதற்கும் முந்தினதுக்குப் போனாள். ஒன்றில் விமானம் கொஞ்சம் இறங்கியிருந்தது, மேல்கோடு அரை விரற்கடை ஏற, தரை ஒரு விரற்கடை ஏறியிருந்தது. விமானம் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் பாறை இரண்டு மடங்காகத் தலையாட்டுகிறது. யாரோ நம் பின்னாலேயே நடந்து வந்து நாம் செய்வதையே செய்துகாட்டிப் பரிகாசம் பண்ணுகிற மாதிரி. பாறை அப்படிச் செய்யுமா? பாறையைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? பாறையைப் பற்றித் தெரிந்த ஊரில், பாறையைத் துளைக்கிறவனைக் கட்டிக்கொண்டு, பாறை நிழலில்தானே குடித்தனம் பண்ணுகிறாள்.

திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒரு ஆள் ரிக் வண்டியில் இருப்பான். போர்வெல் போடுகிற லாரியோடு வடக்கே போனால் பண்டிகைக்குத்தான் வருவார்கள். அவள் புருஷன் செங்கோட்டுவேல் இப்போது ராய்ப்பூர் பக்கம் இருக்கிறான், டிரில்லர், நாலு மணி டீக்கு வண்டியை நிறுத்தினால் அவளுக்குப் போன் பண்ணுவான். அவனை அவள் முதல் தரம் பார்த்தது கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், அப்போது பார்த்தது அவனைத்தான் என்று தெரியாது. அப்பா தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை என்று போர் போட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் வந்து உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தென்னங்காட்டைச் சுற்றி நடந்தார், தேங்காய் ஒரு இடத்தில் எழுந்து நின்றது, அங்கே மஞ்சள் வைத்தார்கள், வண்டி வந்தது. இருபதடி ராடு ஒன்றின்மேல் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் பால் கறக்க விடாமல் மாடு உதைத்தது, புழுதி மாவு மாதிரி கிளம்பி ஊர்முழுக்க அப்பியது. எண்ணூற்றைம்பது அடி. சொட்டு ஈரம் இல்லை. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரே ஒரு ராடு என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளைப் புழுதியாக, கண் இரண்டு மட்டும் தெரிய ஒரு ஹெல்ப்பர் வாங்கினான், நன்றி என்றோ என்னவோ சொன்னான், கம்ப்ரஸர் அதைத் தின்றுவிட்டது. கல்யாணமாகி மூன்றாம் மாசம், விருந்துக்கு வந்த இடத்தில் முதல் தரமாகத் தோட்டத்துப் பக்கம் போய், மூடிபோட்ட அந்தக் குழாயைப் பார்த்து அவன் திடுக்கிட்டு நின்றபோதுதான் விஷயம் வெளிவந்தது. “அந்த வெள்ளைப் பிசாசு நீங்கதானுங்களா?” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “முந்நூறடியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு புள்ள, இதுல வராதுன்னு” என்றான். “தெரிஞ்சும் ஏனுங் சொல்லல?” “நான் ஹெல்ப்பரு. என்றகிட்ட யாரு கேட்டா?” அன்றைக்கு அவனுக்கு வைத்த பேர்தான் முந்நூறடிக்காரர். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் முந்நூறடிக்காரர், தங்கச்சி மாப்பிள்ளை குடிப்பது தெரிந்தும் பஞ்சாயத்தில் வாயைத் திறக்காவிட்டால் முந்நூறடிக்காரர், தன்ஷிகாவுக்கே அந்தப் பேர் தெரியும், அப்பா எங்கே என்றால் வடக்கே கையைக் காட்டி “முன்னூடிக்காரு” என்பாள். அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒரு தரமாவது கோபித்துக்கொண்டிருக்கலாம்.

மணி இரண்டு இருபத்தைந்து. சும்மா நினைத்துக்கொண்டே இருந்தால் ஆகாது, அளந்து பார்த்துவிடலாம். எதை வைத்து அளப்பது? கடலைமிட்டாய் சுற்றின காகிதம் கைப்பையில் இருந்தது, அதை நீளவாக்கில் ஒரு கீற்றாகக் கிழித்தாள். ஒரு நுனியைப் படத்தின் மேல் விளிம்பில் வைத்தாள், அதாவது விமானத்தில் வைத்தாள், மேல்கோடு வருகிற இடத்தில் நகத்தால் கீறினாள். பிறகு அந்தக் கீறலை மேல்கோட்டில் ஒட்டிவைத்துவிட்டு, அதே அளவைக் கீழ்ப்பக்கம் இன்னொரு தரம் போட்டாள். காகிதத்தின் நுனி தரைக்கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. மயிரிழை தப்பவில்லை. படத்தின் இடது ஓரத்தில் அளந்தாள், உட்கார்ந்தது. விமானம் ஏறின இடத்தில் புதிதாகக் கீறி அளந்தாள், உட்கார்ந்தது. வேறு படம் திறந்தாள், உட்கார்ந்தது. விமானத்துக்கும் பனிக்கும் எத்தனை தூரமோ, பனிக்கும் பாறைக்கும் அதே தூரமா, எல்லா இடத்திலும், எல்லாப் படத்திலும்? பாறை என்ன விமானத்தைப் பார்த்துப் பார்த்தா படுத்திருக்கிறது? “ஸ்கிரீன்ல என்னடி காயிதம் ஒட்டற, சேலைக்கு ஃபால்ஸ் வைக்கறியா?” என்றாள் ரெஜினா. கோகிலவாணி காகிதத்தை இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். உடம்பெல்லாம் ஒரு மாதிரி சுறுசுறுவென்று இருந்தது, பயமா, சந்தோஷமா, பள்ளிக்கூடத்தில் கணக்கு சரியாக வருகிறது என்று தெரிந்து கடைசி வரிக்கு முன்னால் வருமே, அதுதான். ஆனால் ஏன் இரண்டு? மூன்று இல்லை, ஒன்றரை இல்லை, சரியாக இரண்டு. இரண்டு, இரண்டு என்று மனசு அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது, செக்கு மாடு மாதிரி. ஊரில் யார் வீட்டில் காதுகுத்து என்றாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், மலையைப் பார்க்கக் கட்டினால் பாட்டு இரண்டு தரம் கேட்கும், ஸ்பீக்கர் ஒரு தரம் பாடும், மலை ஒரு தரம் பாடும், மலை பாடுவது கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சன்னமாக. சின்ன வயசில் அந்த மலைக்குள் வேறொரு காதுகுத்து நடப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள், அங்கேயும் ஒரு பிள்ளை அழும், அங்கேயும் பொரி கொடுப்பார்கள். நம் சத்தமே திரும்பி வந்தால் அங்கே ஆள் இருப்பதாகத்தான் தோன்றும். அப்படியானால் இந்தத் தரை, இது பாறையே இல்லாமல், மேல்கோடே இன்னொரு தரம் வருகிறதோ? அலை கீழே போய்ப் பனியில் பட்டு விமானத்துக்கு வருகிறது, விமானத்தின் வயிற்றில் இடிக்கிறது, இடித்தது சும்மா இருக்குமா, மறுபடி கீழே போகிறது, மறுபடி பனியில் பட்டு மறுபடி வருகிறது. அப்படியென்றால் ரெண்டு நடை. கடைக்குப் போன மருமகள் நேரம் கழித்து வந்தால் அத்தை, “எங்க, ஈரோடு வரைக்கும் போயிட்டு வந்தியா?” என்று கேட்பாள். ஈரோட்டுக்குப் போகவில்லை அத்தை, வெல்லத்தை மறந்துவிட்டேன், அதே கடைக்கு ரெண்டு நடை நடந்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கிற அத்தைக்குத் தூரம் எப்படித் தெரியும், நேரம்தானே தெரியும். ரேடாரும் அத்தை மாதிரிதான். இரண்டு மடங்கு நேரம் என்றால் இரண்டு மடங்கு தூரம் என்று கோட்டைப் போட்டுவிட்டது. அதனால்தான் வழவழப்பு. பனியின் மேல்பரப்பு வழவழப்பு, அதன் நிழலும் வழவழப்பு.

அப்படியென்றால் நிஜமான தரை எங்கே? அவள் ஸ்கிரீனின் வெளிச்சத்தைக் கூட்டினாள், வழவழக் கோட்டுக்குக் கீழே, இந்த வாரம் முழுக்க யாருமே பார்க்காத இருட்டில் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை, எள்ளும் உப்பும் கலந்து கொட்டின மாதிரி ஒரே புள்ளி. பார்க்கப் பார்க்க அடுக்குகள் தெரிந்தன, கோட்டைத் தாண்டியும் அடுக்குகள் போய்க்கொண்டே இருந்தன, தரைக்குக் கீழே ஏது அடுக்கு, அதற்கும் கீழே ரொம்ப ஆழத்தில், இருக்கிறதா இல்லையா என்று, கரடுமுரடாக ஒன்று ஏறி இறங்கியது. குத்தும் சாமி, கல்லு நல்லாவே குத்தும். பனி இவர்கள் வரைந்ததைவிட எவ்வளவோ ஆழம். எத்தனை லட்சம் வருஷம் அந்த இருட்டில் படுத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும், அதன்மேல் ஒரு பொய்க் கோட்டைப் போட்டு மூடி, இங்கே பனி அவ்வளவாக இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பப்போகிறோம். அவர்களும் வேறு எங்கேயோ போய்க் கூடாரம் அடிப்பார்கள். குளிரில், கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு, வருஷக்கணக்கில் துளைப்பார்கள், இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரே ஒரு ராடு. அவளுக்கு அப்பாவின் வாயில் இருந்த துண்டு ஞாபகம் வந்தது. வரைந்த பேட்ச் நாலு மணிக்கு வெளிநாட்டுக்குப் போகும். மணி மூன்று ஐந்து. சொல்லலாமா? யாரிடம்? டீம் லீடர் இளம்பரிதிதான் இந்தப் படங்களுக்கு வழிகாட்டித் தாள் போட்டவன், படம் அவன் கைக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டான், அம்புக்குறியெல்லாம் வைத்து, ‘தரை இங்கே’ என்று அந்த வழவழக் கோட்டைத்தான் காட்டியிருக்கிறான். எம்சிஏ படித்தவன். நான் அரசுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, அதிலும் அறிவியல் குரூப் இல்லை. எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? வெளிநாட்டில் அத்தனை பேர் படித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் விட்டால் யார்தான் பார்ப்பது? கோட்டை வரையாமல் ‘தெரியவில்லை’ பட்டனை அமுக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம், நம் கை சுத்தம். ஐந்து படம் அமுக்கினால் எண்பத்தொன்பது, செருப்பு. வரைந்துவிட்டால் தொண்ணூற்றைந்து, நாலரைக்குப் பால்வாடி, கைப்பை, தோளில் தொங்குகிற குழந்தை. சொன்னால் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை. சொன்னது தப்பாகப் போனால் பதினெட்டுப் பேர் சிரிப்பார்கள், சொன்னது சரியாகப் போனால் பதினெட்டுப் பேரும் ரெண்டாயிரத்துச் சொச்சம் படத்தை மறுபடி வரைய வேண்டும், அதற்குத் திட்டுவார்கள். முந்நூறடிக்காரருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? ராடைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, எண்ணிக்கொண்டே, முந்நூற்று இருபது, முந்நூற்று நாற்பது, இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம், யாராவது இந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டால் சொல்லலாம். புழுதிக்குள் அந்த இரண்டு கண். நன்றி என்று சொன்னதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வேறு ஏதாவது சொல்ல வந்தானோ?

மூன்றரைக்கு அவள் எழுந்தாள். எழுந்ததும் முதலில் தண்ணீர் குடிக்கப் போனாள், அதுவும் நிஜம்தான். பிறகு இளம்பரிதியின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். “சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா?” அவளைவிட இரண்டு வயசு சின்னவன், அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை சார் என்பாள். “நாலு மணிக்குப் பேட்ச் போகணுங்க்கா. அவசரமா?” “நாலு மணிக்கு முன்னாடிதாங் சார் அவசரம். நாலுக்கு மேல அவசரமில்லீங்க.” அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் காகிதத்தை வைத்தாள், கீறினாள், கீழே இறக்கினாள். மொட்டைமாடி, கிணறு, அத்தை, வெல்லம், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெளியே வந்தது, வேகமாகப் பேசினால் அவளுக்குக் குரல் கீச்சென்று போகும், போனது. அவன் குனிந்து காகிதத்தையும் கோட்டையும் பார்த்தான். “அக்கா, கைடுல இதைத்தான் தரைன்னு போட்டிருக்கு. நான்தான் போட்டேன்.” “ஆமாங் சார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.” ரெஜினா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். “யதேச்சையா இருக்கலாமே” என்றான் அவன். “பதினொரு படத்துல பாத்துட்டனுங்க.” “போன வாரப் படத்துல பாத்தீங்களா?” பார்க்கவில்லை. அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனே உட்கார்ந்து போன வாரத்துப் படம் ஒன்றைத் திறந்தான், அதில் விமானம் தாழப் பறந்திருந்தது, மேல்கோடு விளிம்புக்கு ரொம்பப் பக்கம். அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கிப் புதிதாகக் கீறினான், இரண்டாம் தரம் இறக்கினான். தரை எங்கேயோ கீழே இருந்தது, காகிதம் நடுவிலேயே நின்றுவிட்டது, அடுக்குகளுக்கு நடுவில் தனியாக ஓடுகிற ஒரு மெல்லிய கோட்டின்மேல். அந்தக் கோட்டை எல்லோருக்கும் தெரியும். அதற்கு இங்கே குப்பைக் கோடு என்று பேர், என்னவென்று தெரியாது, வரைய வேண்டாம் என்று இளம்பரிதி முதல் நாளே சொல்லியிருந்தான். இந்த வாரம் குப்பைக் கோடு வரவே இல்லை, படம் சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருந்தார்கள். “அட” என்றான் அவன். அப்புறம் ரொம்ப மெதுவாக, “இது எங்கயும் போகலீங்க்கா. இந்த வாரம் பிளேன் உசரத்துல பறந்திருக்கு, இதுவும் கூடவே கீழ இறங்கியிருக்கு. குப்பையைத்தான் நாம தரைன்னு வரஞ்சுட்டு இருக்கோம்.” காதுமடல் இரண்டும் சிவந்து போயிற்று பாவம். அவளுக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. “எனக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கணும்” என்றான். “தெரியறதுக்கு உங்க மாமியார் உங்களை வெல்லம் வாங்க அனுப்பணுமுங்க, இன்னும் கல்யாணமே ஆகலியே” என்றாள். அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்து, பாதி சிரித்தான்.

மூன்று ஐம்பதுக்கு அவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பேட்ச் இன்றைக்குப் போகாது, யாரும் தரைக்கோடு வரைய வேண்டாம், வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றான். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ ஐயோ என்றார்கள். “நாலு நாள் பொழப்பைக் காலி பண்ணிட்டியேடி” என்றாள் ரெஜினா, உரக்க, பஞ்சை மறுபடி அடைத்துக்கொண்டு. கொஞ்சம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே ஒரு கடலைமிட்டாயை இந்தப் பக்கம் தள்ளினாள். மார்க் தொண்ணூற்றொன்றிலேயே நின்றது. “அவங்க பதில் வர்ற வரைக்கும் அதை என்னால மாத்த முடியாதுங்க்கா, ஆனா அதுவரைக்கும் உங்களை எங்கயும் மாத்தவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் இளம்பரிதி உள்ளே போனான். கண்ணாடிக்குப் பின்னால் எதையோ அடித்து, அழித்து, அடித்துக்கொண்டிருந்தான். போகும்போது காகிதக் கீற்றையும் கொண்டுபோய்விட்டான். அவள் வரைந்து வைத்திருந்த வழவழக் கோட்டை அழித்தாள். அழித்ததும் படம் ஆழமாகிவிட்டது, மூடியை எடுத்த மாதிரி. கீழே, இருட்டில், அந்தக் கரடுமுரடு. வரையச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சேமிக்காமல் சும்மா வைத்துப் பார்க்கலாம், வைத்துப் பார்ப்பதற்கு மார்க் குறையாது. நாலு அடித்தது, போன் அதிர்ந்தது, அந்தப் பக்கம் கம்ப்ரஸர் அடங்குகிற சத்தம். “டீ குடிச்சாச்சா புள்ள?” “இன்னும் இல்லீங்க. ஏனுங், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு எங்க காட்டுல முந்நூறடியிலயே தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே.” அவன் பெருமூச்சு விட்டான், ராய்ப்பூரிலிருந்து காதில் காற்றடித்தது. “இன்னைக்கு என்ன தப்புப் பண்ணுனேன்னு மறுபடியும் ஆரம்பிக்கற?” “அதில்லீங்க. ஏன் சொல்லலைன்னுதானே எப்பவும் கேட்டேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டனா?” அந்தப் பக்கம் யாரோ டம்ளரைக் கழுவி ஊற்றினார்கள். “சத்தம் புள்ள” என்றான் கடைசியில், கூச்சமாக, பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குப் பேசின குரலில். “பாறையில வெடிப்பு இருந்தா ஹேமர் சத்தம் கொஞ்சம் ஏறி எறங்கும். அங்க ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஒரே சீரா இருந்துச்சு. அது எப்படின்னா…” என்று அவன் தொடங்கினான். கோகிலவாணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சொல்லுங்க, சொல்லுங்க என்றபடி, இருட்டில் முதல் புள்ளியை வைத்தாள்.